பறவைக்கும் பட்டம் உண்டு

ஆடிப்பட்டம் தேடி விதை என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பட்டம் தவறினால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. விதை அதேதான், மண் அதேதான், பாடும் அதேதான். பத்து நாள் தள்ளிப் போனால் பூக்கும் நேரத்தில் மழை கொட்டும், இல்லாவிட்டால் பால் பிடிக்கிற நேரத்தில் தண்ணீர் இருக்காது. அவ்வளவுதான், அந்தப் போகம் போச்சு.

பறவைகளுக்கும் இப்படி ஒரு பட்டம் இருக்குங்க. குஞ்சு வெளியே வரும் நாளும், அது தின்பதற்குப் பூச்சி நிறையக் கிடைக்கும் நாளும் ஒன்றாக அமைய வேண்டும். அதற்கேற்ப முட்டையிடும் நாள் முன்னாலேயே முடிவாக வேண்டும். மரத்தில் கூடு கட்டி வாயில் இரை ஊட்டும் பறவைக்குக் கொஞ்சம் சமாளிக்க வழி உண்டு. பல ஆயிரம் கிலோமீட்டர் வலசை வந்து வெறுந்தரையில் முட்டையிடும் நீர்க்கரைப் பறவைக்கு அந்த வழியும் கிடையாது.

இந்தக் கட்டுரையில் அப்படிப்பட்ட ஒரே ஒரு பறவையை எடுத்துக்கொள்கிறேன். அது முட்டையிடுவது காட்டில் இல்லை, விவசாயியின் நிலத்தில். நாடு நெதர்லாந்து. அங்கே விவசாயிகளும் ஊர்க்காரர்களும் சேர்ந்து பல பத்தாண்டுகளாக அதன் கூடுகளைத் தேடித் தேடிக் காப்பாற்றினார்கள். இருந்தும் பறவை குறைந்துகொண்டே போனது. நல்ல மனசோடு செய்த வேலை ஏன் பலன் தரவில்லை? அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில், இயற்கை வேளாண்மை செய்கிற நமக்கு ரொம்பவும் உபயோகமான பதில். வங்கியில் பயிர்க்கடன் பார்த்தே காலம் கழித்தவன் நான். எதையும் வரவு செலவாகப் பார்க்கிற பழக்கம் போகவில்லை. இதையும் அப்படியே பார்க்கிறேன்.

நெல்லில் கொழுத்து, புல்லில் முட்டையிடும் பறவை

பறவையின் பெயர் கருவால் மூக்கன். நீண்ட கால், அதைவிட எடுப்பாகத் தெரியும் நீண்ட நேரான அலகு, வால் நுனியில் கறுப்புப் பட்டை. முட்டையிடும் காலத்தில் கழுத்தும் மார்பும் செம்பழுப்பாக மாறிவிடும். நம் பழவேற்காட்டிலும் கோடியக்கரையிலும் குளிர்காலத்தில் இந்த இனத்தைப் பார்க்கலாம். ஆனால் நம் பக்கம் வருபவை ஆசியாவின் வடபகுதிகளில் பிறந்தவை. நான் சொல்லப் போகும் கூட்டம் வேறு.

நெதர்லாந்துக் கூட்டத்தின் வருஷத்து வேலையைப் பாருங்க. ஜூன் கடைசி, ஜூலையில் அங்கிருந்து கிளம்பி, ஒரு பெரும்பகுதி மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல், கினி-பிசாவ் பக்கம் போய்ச் சேரும். அங்கே அதற்கு இடம் நெல் வயல். விதைத்த நெல்லைப் பொறுக்கித் தின்பதால் அந்த ஊர் விவசாயிகள் விரட்டவும் செய்கிறார்கள். பிறகு வடக்கே திரும்பும் வழியில் ஜனவரி, பிப்ரவரியில் ஸ்பெயினின் எக்ஸ்ட்ரிமதுராவிலும் போர்ச்சுகலின் தேஜோ, சாடோ ஆற்று முகத்துவாரங்களிலும் தங்கும். அங்கேயும் நெல் வயல்தான். அறுவடையில் சிந்திய நெல்லைத் தின்று உடம்பைத் தேற்றிக்கொண்டு, பிப்ரவரி கடைசி, மார்ச்சில் நெதர்லாந்தின் ஈரப் புல்வெளிகளுக்கு வந்துவிடும்.

டச்சுக்காரர்கள் அதன் குரலை வைத்தே அதற்கு ‘க்ரூட்டோ’ என்று பெயர் வைத்தார்கள். 2015-இல் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தேசியப் பறவையும் இதுதான். மேற்கு ஐரோப்பாவில் முட்டையிடும் கருவால் மூக்கன்களில் பெரும்பகுதி அந்த ஒரு சின்ன நாட்டில்தான் முட்டையிடுகிறது. 1960-களில் ஏறக்குறைய 1,20,000 ஜோடி இருந்ததாகக் கணக்கு. இன்று அதில் நாலில் ஒரு பங்கு இருந்தால் பெரிது.

நாலு முட்டை, ஐம்பத்தைந்து நாள்

ஏப்ரலில் புல்லுக்குள் ஒரு சின்னப் பள்ளம். அதில் வழக்கமாக நாலு முட்டை, பச்சை கலந்த பழுப்பில் புள்ளிகளோடு. ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். மூன்று வாரத்துக்குச் சற்று மேல் ஆகும் குஞ்சு பொரிக்க.

இதற்குப் பிறகு நடப்பதைத்தான் கவனிக்க வேண்டும். பொரித்த ஒரு நாளுக்குள் குஞ்சுகள் கூட்டை விட்டு நடந்துவிடும். திரும்பிக் கூட்டுக்கு வராது. தாய் தகப்பன் இரை ஊட்டுவதும் இல்லை. நம் வீட்டுக் கோழிக்குஞ்சாவது தாய் கிளறிக் காட்டுவதைப் பொறுக்கும். இது முதல் நாளிலிருந்தே தானாகத் தேடித் தின்ன வேண்டும். பெரியவர்கள் செய்வது மூன்று வேலை: நல்ல மேய்ச்சல் இடத்துக்குக் கூட்டிப் போவது, குளிரும் மழையும் வந்தால் அடியில் வைத்துச் சூடு கொடுப்பது, ஆபத்து வந்தால் கத்திப் பறந்து திசை திருப்புவது.

பெரிய பறவை நீண்ட அலகை ஈர மண்ணில் செருகி மண்புழு எடுக்கும். குஞ்சின் அலகு குட்டை, மண்ணுக்குள் போகாது. புல் தண்டிலும் பூவிலும் உட்கார்ந்திருக்கும் ஈ, சின்ன வண்டு, சிலந்தி இவற்றை ஒவ்வொன்றாகக் கொத்த வேண்டும். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் கொத்தினால்தான் வளர்ச்சி. பறக்க இறகு முளைக்க இருபத்தைந்திலிருந்து முப்பது நாள். அதுவரை ஓடுவதும் பதுங்குவதும்தான் அதற்குத் தெரிந்த பாதுகாப்பு.

கூட்டிப் பார்த்தால் முதல் முட்டையிலிருந்து குஞ்சு பறக்கும் வரை சுமார் ஐம்பத்தைந்து நாள். ஏப்ரல் நடுவில் ஆரம்பித்தால் ஜூன் நடுவில் முடியும். இந்த ஐம்பத்தைந்து நாளும் அந்தப் புல் நிற்க வேண்டும்.

புல்லின் பட்டம் முந்தியது

ஒரு காலத்தில் நின்றது. அன்று புல்லைக் காயவைத்து வைக்கோல்போலச் சேமிப்பார்கள். ஜூனில், சில இடத்தில் ஜூலையில் அறுப்பு. பறவையின் பட்டமும் விவசாயியின் பட்டமும் ஒன்றோடொன்று பொருந்தியிருந்தது. சொல்லப் போனால், காட்டு ஈரநிலத்தில் முட்டையிட்டுக்கொண்டிருந்த பறவைக்கு மாடு வளர்ப்பவரின் எரு போட்ட ஈரப் புல்வெளிதான் நல்ல வீடாக அமைந்தது. விவசாயம் அந்தப் பறவையை வாழவைத்தது என்றே சொல்லலாம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கதை மாறுகிறது. சிறு வயல்கள் சேர்க்கப்பட்டுப் பெரிய வயல்கள் ஆயின. வடிகால் ஆழமாக வெட்டி நிலத்தடி நீர் மட்டத்தை இறக்கினார்கள். நிலம் காய்ந்ததால் டிராக்டர் சீக்கிரம் இறங்க முடிந்தது. ரசாயன உரம் வந்தது. பல புல்லும் பூவும் கலந்த வெளியை உழுதுவிட்டு, வேகமாக வளரும் ரை புல்லை மட்டும் விதைத்தார்கள். காய்ந்த புல்லுக்குப் பதில் ஊறுகாய்ப்புல் வந்தது. அதற்கு இளம்புல்லாக அறுத்தால்தான் புரதம் அதிகம், பால் அதிகம். முதல் அறுப்பு ஜூனிலிருந்து மே மாதத்துக்கு வந்தது. இப்போது மே முதல் பாதியில் அறுப்பது சாதாரணம், ஏப்ரல் கடைசியிலும் நடக்கிறது. அதற்குப் பிறகு நாலு, ஐந்து வாரத்துக்கு ஒரு அறுப்பு.

பறவை சும்மா இருந்துவிடவில்லை. நெதர்லாந்தில் 1911 முதல் குஞ்சுகளின் காலில் வளையம் மாட்டிப் பதிவு செய்து வருகிறார்கள். அந்தப் பதிவுகளை வைத்து 1985-இல் பெய்ன்டெமா என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் ஒன்றைக் காட்டினார்கள். 1970-கள் வரை இந்தப் புல்வெளிப் பறவைகள் தங்கள் பட்டத்தை ஒன்றிரண்டு வாரம் முன்னுக்குக் கொண்டுவந்திருந்தன. நிலம் சீக்கிரம் சூடானது, எருவால் புழு கிடைத்தது, அதனால் முடிந்தது. அதற்குப் பிறகும் அறுப்பு முந்திக்கொண்டே போனது. பறவையால் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியவில்லை. ஐம்பத்தைந்து நாள் வேலைக்கு இருபது, முப்பது நாள்தான் மிஞ்சியது.

கூடு தப்பியது, குஞ்சு தப்பவில்லை

நெதர்லாந்தின் வடக்கே ஃப்ரீஸ்லாந்து என்று ஒரு மாகாணம். அங்கே கீவீட் என்ற பறவையின் வருஷத்து முதல் முட்டையைத் தேடுவது பெரிய திருவிழா மாதிரி. நம் ஆள்காட்டியின் பங்காளிதான் கீவீட். முதல் முட்டையைக் கண்டவர் மாகாணத் தலைமை அதிகாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்து மரியாதை பெறுவது பழைய வழக்கம். இப்போது முட்டையை எடுப்பதில்லை, கண்டதைச் சொல்வதோடு சரி.

இந்த முட்டை தேடும் கண்கள்தான் பிறகு கூடு காக்கும் கண்கள் ஆயின. புல்லுக்குள் கூட்டைக் கண்டுபிடித்து இரண்டு பக்கமும் குச்சி நட்டுவிடுவார்கள். விவசாயி அறுக்கும்போது அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போவார். ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள், சம்பளம் இல்லாமல், வருஷா வருஷம் இதைச் செய்தார்கள். கூட்டுக்குக் கூலி என்று அரசு உதவியும் வந்தது. முட்டைகள் சக்கரத்துக்கும் கத்திக்கும் தப்பின. கணக்கில் காட்டும்போது நன்றாகவே இருந்தது: இத்தனை கூடு காப்பாற்றப்பட்டது, இத்தனை கூட்டில் குஞ்சு பொரித்தது.

ஆனால் பொரித்த குஞ்சு எங்கே போகும்? சுற்றிலும் அறுத்து மொட்டையான வெளி. நடுவில் ஒரு கட்டில் அளவுக்குப் புல். இரை இல்லை, வெயிலுக்கும் மழைக்கும் மறைவு இல்லை. மேலே காக்கையும் பருந்து இனப் பறவையும், கீழே நரியும் மரநாய் இனத்துச் சின்ன வேட்டை விலங்குகளும். தனியாகத் தெரியும் அந்தப் புல் திட்டே அவற்றுக்கு அடையாளம் காட்டிக் கொடுத்தது. பக்கத்து வயலில் புல் இன்னும் நின்றால் குஞ்சுகள் அங்கே போய்ப் பதுங்கும். நாலு நாளில் அதையும் அறுக்க வருவார்கள். ஆபத்தென்றால் ஓடாமல் தரையோடு படுத்துக்கொள்வது சின்னக் குஞ்சின் குணம். நரிக்கு முன்னால் அது புத்திசாலித்தனம். அறுப்பு இயந்திரத்துக்கு முன்னால் அதுவே சாவு.

2001-இல் நேச்சர் ஆய்விதழில் வந்த ஒரு ஆய்வு பலரையும் உலுக்கியது. டேவிட் க்ளெய்ன் என்பவரும் கூட்டாளிகளும் நெதர்லாந்தில் 78 ஜோடி வயல்களை ஒப்பிட்டார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று, இயற்கையைக் காக்க அரசோடு ஒப்பந்தம் போட்டுப் பணம் பெறும் வயல். மற்றது சாதாரண வயல். ஒப்பந்த வயல்களில் செடி வகையோ பறவை வகையோ கூடியிருக்கவில்லை. நீர்க்கரைப் பறவைகளில் அதிகம் காணப்படும் நாலு இனங்கள் ஒப்பந்த வயல்களில் இன்னும் குறைவாகவே தென்பட்டன. அறுப்பைத் தள்ளிப் போட்டார்கள் சரி, நிலத்தடி நீரை உயர்த்தவில்லை. ஒன்றை மட்டும் மாற்றினால் போதவில்லை என்பதுதான் செய்தி.

வரவு செலவு

இங்கே ஒரு எளிய கணக்கு போடுவோம். பெரிய கருவால் மூக்கன் நீண்ட ஆயுள் கொண்டது. ஒரு வருஷத்தில் நூற்றுக்குப் பதினைந்து இறந்துபோகும் என்று தோராயமாக வைப்போம். 100 ஜோடி என்றால் 200 பறவை, செலவு 30. இந்த முப்பதை ஈடுகட்ட வேண்டும். பறக்கத் தொடங்கிய இளம் பறவைகளில் பாதிதான் பெரியதாகித் திரும்பும் என்று எடுத்துக்கொண்டால், வருஷத்துக்கு 60 குஞ்சு பறக்க வேண்டும். அதாவது ஜோடிக்கு 0.6. ஆய்வாளர்கள் சொல்லும் அளவும் ஏறக்குறைய இதுவே.

பாருங்க, ஜோடிக்கு நாலு முட்டை, தேவை ஒன்றுக்கும் குறைவான குஞ்சு. இயற்கை எவ்வளவு பெரிய சேதாரத்துக்கு இடம் விட்டு வைத்திருக்கிறது! அதையும் எட்ட முடியவில்லை என்றால் நிலத்தில் ஏதோ பெரிய கோளாறு. பல வயல்களின் அறுப்பு நாளை மாற்றி மாற்றி அமைத்து, எப்போதும் எங்காவது புல் நிற்கும்படி சில ஊர்களில் சோதித்தார்கள். 2008-இல் அதன் முடிவு வந்தது. சாதாரண இடங்களைவிடக் குஞ்சு அதிகம்தான். ஆனால் தேவையான 0.6-இல் பாதியைக்கூட அது எட்டவில்லை.

நீண்ட ஆயுள் உள்ள பறவையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. குஞ்சே தேறாவிட்டாலும் பெரிய பறவைகள் வருஷா வருஷம் வந்துகொண்டே இருக்கும். பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். வட்டி கட்டாத கடன் ஏட்டில் நல்ல கடனாகவே தெரிவது போல. உண்மை தெரியும்போது முதலே கரைந்திருக்கும்.

பூவுள்ள புல், பசித்த மண்புழு

ஃப்ரீஸ்லாந்தின் தென்மேற்கில் ரோஸ்மேரி கென்டி என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் குஞ்சுகளைத் தொடர்ந்து கவனித்து 2013-இல் எழுதியது இது: பல வகைச் செடியும் பூவும் கலந்த புல்வெளியில் பொரித்த குஞ்சுகள், ஒரே வகைப் புல் உள்ள வெளியில் பொரித்தவற்றைவிடச் சுமார் இரண்டரை மடங்கு பிழைத்தன. சீக்கிரம் பொரித்தவை தாமதமாகப் பொரித்தவற்றைவிட நன்றாகத் தேறின. ரை புல் அடர்த்தியானது. அதற்குள் ஈரக் குஞ்சு நடக்கவே சிரமப்படும், தின்னப் பூச்சியும் குறைவு. பூச்செடி கலந்த வெளி கொஞ்சம் கலகலவென்று இருக்கும். நடக்க வழி உண்டு, உயரத்துக்கு ஒரு பூச்சி உண்டு.

நமக்கு ரொம்பப் பிடிக்கும் செய்தி அடுத்தது. குரோனிங்கன் பல்கலைக்கழகத்தின் யெரூன் ஓன்ருஸ்ட் இரவு நேரத்தில் தலைவிளக்குக் கட்டிக்கொண்டு, தாழ்வான வண்டியில் குப்புறப் படுத்து நகர்ந்தபடி, மண்ணுக்கு மேலே வரும் புழுக்களை எண்ணினார். மண்புழுவில் இரண்டு குணம் உண்டு. சிவப்புப் புழு மேலே வந்து மக்கும் இலை தழையைத் தின்னும். சாம்பல் நிறப் புழு மண்ணுக்குள்ளேயே இருந்து மண்ணைத் தின்னும். வைக்கோல் கலந்த தொழுவுரம் போட்ட வயலில் சிவப்புப் புழுவுக்குத் தீனி மேலே இருக்கிறது, அதனால் அது மேலே வருகிறது. பறவைக்கும் கிடைக்கிறது. சாணிக் குழம்பை இயந்திரம் வைத்து மண்ணுக்குள் செலுத்தும் வயலில் புழு மேலே வர அவசியமே இல்லை. நெதர்லாந்தில் 1990-களிலிருந்து காற்றில் அமோனியா கலப்பதைக் குறைக்க இப்படிச் செலுத்துவது கட்டாயம் ஆனது. காற்றுக்கு நல்லது, பறவைக்குப் பட்டினி. மண்ணில் எத்தனை புழு இருக்கிறது என்பது மட்டும் கணக்கு இல்லை. பறவையின் அலகுக்கு எட்டுகிறதா என்பதுதான் கணக்கு. வடிகாலால் மேல்மண் இறுகிக் காய்ந்தால் புழு ஆழத்துக்குப் போய்விடும், அலகும் இறங்காது.

பறவை இன்னும் முன்னால் வரக்கூடாதா?

இந்தக் கேள்வி எல்லோருக்கும் வரும். அதற்குப் பதில் ஐஸ்லாந்தில் கிடைத்தது. அங்கே முட்டையிடும் கருவால் மூக்கன் வேறு ஒரு கிளை. அது நூறு வருஷமாகப் பெருகிப் பரவி வருகிறது. டோமாஸ் குன்னார்சன், ஜெனிஃபர் கில் முதலியோர் அவற்றின் காலில் வண்ண வளையம் மாட்டித் தனித்தனியாக அடையாளம் தெரியும்படி செய்தார்கள்.

2004-இல் சொன்ன முதல் செய்தியே ஆச்சரியம். ஜோடிப் பறவைகள் குளிர்காலத்தை ஒன்றாகக் கழிப்பதில்லை. ஒன்று இங்கிலாந்தில் என்றால் மற்றது பிரான்சிலோ போர்ச்சுகலிலோ இருக்கும். சராசரி இடைவெளி ஆயிரம் கிலோமீட்டருக்குக் கிட்ட. இருந்தும் வசந்தத்தில் சுமார் மூன்று நாள் வித்தியாசத்துக்குள் இரண்டும் வந்து சேருகின்றன. நாள் தப்பினால் ஜோடி மாறிவிடுவதும் உண்டு.

2014-இல் இரண்டாவது செய்தி. கூட்டம் மொத்தமாகப் பார்த்தால் வருகை நாள் வருஷத்துக்கு வருஷம் முந்துகிறது. ஆனால் தனித்தனிப் பறவையைப் பார்த்தால் ஒவ்வொன்றும் தன் வழக்கமான நாளில்தான் வருகிறது, மாற்றிக்கொள்வதில்லை. அப்படியானால் முந்துவது யார்? புதிதாகச் சேரும் இளம் பறவைகள். வெப்பமான வசந்தத்தில் முட்டை சீக்கிரம், குஞ்சு சீக்கிரம். சீக்கிரம் பொரித்த குஞ்சு அதிகம் தேறுகிறது.

இதை யோசித்துப் பாருங்க. பழைய பறவை பழைய நாளை விடாது. பட்டம் மாற வேண்டும் என்றால் புதுத் தலைமுறை வர வேண்டும். நெதர்லாந்தில் அந்தப் புதுத் தலைமுறைதான் தேறவில்லை. குஞ்சு பிழைக்காத இடத்தில் பறவையினம் புதுக் காலத்துக்குப் பழகவே முடியாது.

அங்கே என்ன செய்கிறார்கள்? யார் காசு?

இப்போது அங்கே பேச்சு ‘கூடு’ என்பதிலிருந்து ‘நிலம்’ என்பதற்கு மாறியிருக்கிறது. ஜூன் 15 வரை, சில இடத்தில் அதற்கு மேலும், அறுக்காமல் விடுவது. வசந்தத்தில் வாய்க்கால் மட்டத்தை உயர்த்தி நிலத்தை ஈரமாக வைப்பது. பூச்செடி கலந்த புல்வெளியை மீட்பது. தொழுவுரத்துக்குத் திரும்புவது. இதைத் தனித்தனி வயலாகச் செய்தால் பலன் இல்லை என்பதால், 2020-இல் முன்னாள் அமைச்சர் பீட்டர் வின்செமியஸ் முன்வைத்த திட்டம், 1000 ஹெக்டேர் அளவிலான பெரும் பரப்புகளைக் கேட்டது. ஒரு பக்கத்தில் ஒருவர் காத்து மறுபக்கத்தில் எல்லோரும் அறுத்தால் குஞ்சு நடந்து போக இடம் இல்லை.

விவசாயிக்கு இது சும்மா வருவதில்லை. ஜூன் நடுவில் அறுத்த புல்லில் நார் அதிகம், புரதம் குறைவு. பால் குறையும், வெளியிலிருந்து தீனி வாங்க வேண்டி வரும். ஈர நிலத்தில் டிராக்டர் இறங்காது. நிலக் கடனும் இயந்திரக் கடனும் தலைக்கு மேல் இருப்பவரிடம் போய் ‘பறவைக்காகப் பொறுங்க’ என்று சொன்னால் அவர் எப்படிப் பொறுப்பார்? அதனால் ஈட்டுத்தொகை கொடுக்கிறார்கள். இங்கே என் கருத்தைச் சொல்கிறேன். ஈட்டுத்தொகை கூட்டுக்கும் முட்டைக்கும் கொடுத்தால், விவசாயி கூட்டையும் முட்டையையும் காட்டுவார். அது அவர் தப்பு இல்லை. குஞ்சு பறக்கத் தேவையான ஐம்பத்தைந்து நாளுக்கும் நிலத்துக்கும் கொடுத்தால்தான் குஞ்சு பறக்கும். எதை அளக்கிறோமோ அதுதான் விளையும்.

நம் நிலத்தில் ஆள்காட்டி

நம் வயலில் முட்டையிடும் கருவால் மூக்கன் இல்லை. ஆனால் அதே முறையில் வாழும் ஆள்காட்டி இருக்கிறது, சிவப்பு மூக்கும் மஞ்சள் மூக்கும். அது வலசை போவதில்லை. தரையில் நாலு முட்டை, மண்ணோடு மண்ணான நிறம், பொரித்த உடனே நடந்துவிடும் குஞ்சு, எல்லாம் ஒன்றுதான். வெயில் காலத்தில் வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர்விப்பதைப் பலர் பார்த்திருப்பீங்க. அதன் பட்டம் பங்குனி, சித்திரையில் சூடு பிடிக்கிறது. நம் கோடை உழவும் அதே நேரம்தான். கௌதாரிக் குஞ்சும் காடைக் குஞ்சும்கூட இப்படித் தரையில் ஓடித் தின்பவையே.

எங்கள் நிலத்தில் கோடை உழவின்போது முட்டையைச் சுற்றி விடச் சொன்னபோது, டிராக்டர் ஓட்டும் தம்பி, “மேனேஜர் சார், நாலு முட்டைக்காக டீசல் போகுதே” என்றார். “போகட்டும் தம்பி, உரச் செலவு மிச்சம்ல, அதுல எழுதிக்கலாம்” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சுற்றினார். இப்போது அவரே முன்னால் போய்ப் பார்த்துவிட்டுத்தான் கொழுவை இறக்குகிறார்.

நெதர்லாந்துப் பாடத்தை நம் வேலைக்குத் திருப்பினால் இவ்வளவு வருகிறது:

- உழுவதற்கு முந்தின நாள் வயலை ஒரு சுற்று நடந்து பாருங்க. ஆள்காட்டி தலைக்கு மேல் கத்திச் சுற்றினால் பக்கத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கும். கொஞ்சம் தள்ளி நின்று, அது எங்கே போய் உட்காருகிறது என்று கவனித்தால் இடம் தெரிந்துவிடும்.
- இரண்டு பக்கமும் சில அடி தள்ளிக் குச்சி நடுங்க. பளிச்சென்ற துணி கட்ட வேண்டாம், நாய்க்கும் காக்கைக்கும் நாமே வழி காட்டியது போல ஆகும். அடிக்கடி போய்ப் பார்க்கவும் வேண்டாம்.
- முட்டையை மட்டும் சுற்றி ஒரு திட்டு விட்டால் போதாது. அந்தத் திட்டிலிருந்து வரப்பு வரை ஒரு பட்டை உழாமல் விடுங்க. குஞ்சு நடந்து வரப்புக்குப் போக அதுதான் பாதை.
- எல்லா வரப்பையும் ஒரே நாளில் செதுக்காதீங்க. பாதி வரப்பில் புல்லும் பூவும் நிற்கட்டும். குஞ்சுக்கு இரை அங்கேதான். நன்மை செய்யும் பூச்சிக்கும் வீடு அங்கேதான்.
- பலதானியம் விதைத்து மடக்கி உழுபவர்கள், முழு வயலையும் ஒரே நாளில் மடக்காமல் இரண்டு மூன்று பாத்தியாக, சில நாள் இடைவெளியில் மடக்கலாம்.
- அறுவடை இயந்திரமோ ரோட்டவேட்டரோ ஓட்டும்போது ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வளைத்து வளைத்துப் போனால் உள்ளே இருப்பவை நடுவில் மாட்டிக்கொள்ளும். நடுவிலிருந்து வெளியே, அல்லது ஒரு பக்கத்திலிருந்து வரப்புப் பக்கமாகப் போனால் ஓடித் தப்ப வழி இருக்கும்.
- பூச்சிவிரட்டி நம்முடையதுதான் என்றாலும், குஞ்சு பொரித்த இரண்டு வாரம் அந்த ஓரத்தில் தெளிக்காமல் இருக்கலாம்.

இதில் எதற்கும் பெரிய செலவு இல்லை. தொழுவுரம், வரப்பில் பூ, மண்ணில் புழு எல்லாம் நாம் ஏற்கெனவே செய்கிறவைதான். கூடுதலாகத் தேவைப்படுவது நாள் பார்க்கும் கண் மட்டும். பக்கத்து நிலத்துக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவைங்க. நம் வரப்பைத் தாண்டினால் குஞ்சு அவர் நிலத்தில்தான் இருக்கும்.

இந்தக் கோடையில் ஒரு நோட்டில் மூன்று நாளைக் குறித்து வைங்க: முட்டை கண்ட நாள், உழுத நாள், பறக்கும் இளம் பறவையைப் பார்த்த நாள். முதல் நாள் மட்டும் எழுதி மூன்றாவது வெறுமையாக இருந்தால், கூடு தப்பியது, குஞ்சு தப்பவில்லை என்று அர்த்தம். அடுத்த வருஷம் எந்த வரப்பை விட வேண்டும், எந்தப் பாத்தியைத் தள்ளி உழ வேண்டும் என்று அந்த நோட்டே சொல்லும். குறித்தவர்கள் நம் இதழுக்கு எழுதுங்க. நாலு மாவட்டத்துக் கணக்கு சேர்ந்தால், நம் ஊர் ஆள்காட்டியின் பட்டம் எது என்று நாமே சொல்ல முடியும்.